திருப்பெயரைச் சுமப்பவர்

கிறித்தவ இல்லங்களிலே நாள்தோறும் ஓதப்பெறும் மன்றாட்டுக்களுள் இயேசு பெருமான் தம் சீடர்க்குக் கற்பித்த மன்றாட்டே தலையாயது. சிறு குழந்தையும் மனப்பாடமாக ஒப்புவிக்கும் அம்மன்றாட்டிலுள்ள விண்ணப்பங்களை ஆறென்று எண்ணுவோரும் உளர். ஏழென்று எண்ணுவோரும் உளர். எண்ணிக்கையில் வேறுபடினும், முதலாவது எதுவென்பதில் எவர்க்கும் ஐயமில்லை. அன்றாட உணவு தருக என்று கேட்பதற்கு முன்னரும், பிழை பொறுத்தருள்க என்று இரப்பதற்கு முன்னரும், இறைவனுடைய திருப்பெயர் தூயதெனப் போற்றப்பெறுக என்று வேண்டுவதே அம்முதல் விண்ணப்பமாகும்.

பசித்தவன் உணவைக் கேட்பது இயல்பு. நோயுற்றவன் நலத்தைக் கேட்பதும் இயல்பே. இறைவனிடம் சென்று இறைவனுடைய பெயருக்காகவே மன்றாடுதல் எற்றுக்கு? அப்பெயர் தன்னியல்பிலே தூயதன்றோ? மனிதன் அதற்குத் தூய்மையைக் கூட்டவும் வல்லனல்லன், குறைக்கவும் வல்லனல்லன்.

இவ்வினாவைச் சமயச் சீர்திருத்தவாதியான மார்ட்டின் லூதர் 1529ஆம் ஆண்டு தாம் வெளியிட்ட சிறிய வினாவிடை நூலிலே எழுப்பினார். இல்லத்தலைவர் தம் மக்களுக்கும் பணியாளர்க்கும் எளிய முறையிற் கற்பிப்பதற்கென எழுந்த நூல் அது. அவர் தந்த விடையின் சாரம் இதுவே: இறைவனின் பெயர் தானாகவே தூயது, ஆயினும் எம்மிடத்திலும் அது தூயதாக விளங்கவேண்டும் என்றே வேண்டுகின்றோம். போதனை வழுவாதிருப்பதும், அப்போதனைக்கேற்ப வாழ்வு அமைவதுமே அதற்கு வழி. போதிப்பது ஒன்றும் வாழ்வது ஒன்றுமாக இருப்பவன் அப்பெயரை மாசுபடுத்துகின்றான்.

சைவ இல்லங்களிற் பிறந்து வளர்ந்த எம்மனோர்க்கு நாம மகிமை புதிதன்று. ஐந்தெழுத்தை நினையாது நாம் நீறணிவதில்லை. ஆதலால், அயலிலே வாழும் கிறித்தவ அன்பர்கள் தம் இறைவனுடைய பெயரை அன்றாட வாழ்விற் பேணுமாறு யாது என அறிதல் நமக்கும் பயன் தருவதாகும். அவ்வரலாற்றிலே ஓர் உண்மை திரும்பத் திரும்பத் தலைகாட்டுகின்றது. நாவைக் காத்தல் அப்பேணுதலின் ஒரு பாதி. எஞ்சிய பாதி, மனிதன் தன் சோற்றைத் தேடும் இடத்திலே உள்ளது.

யூதர் காத்த மௌனம்

இவ்வழக்கின் வேர் யூத சமயத்தில் உள்ளது. எபிரேய வேதத்திலே இறைவனுக்குரிய தனிப்பெயர் நான்கு மெய்யெழுத்துக்களால் எழுதப்பெற்று, 6,800 தடவைகளுக்கு மேல் வருகின்றது. ஆயினும் பக்தியுள்ள யூதர் அதனை வாய்திறந்து உச்சரிப்பதில்லை. வேதத்தை வாசிக்குங்கால் அவ்விடத்தில் ‘ஆண்டவர்’ என்று பொருள்படும் ‘அதோனாய்’ என்னும் சொல்லை வைத்து வாசிப்பர். பேச்சிலே ‘ஹஷேம்’ என்பர். ‘அந்தப் பெயர்’ என்பது அதன் பொருள். யெருசலேம் ஆலயம் நிலைபெற்றிருந்த காலத்திலே, ஆண்டுக்கொருமுறை வரும் பாவநிவாரண நாளில், தலைமைக் குரு அப்பெயரை உச்சரித்தார் என்பது அவர்தம் மரபு. கி.பி. 70ஆம் ஆண்டிலே உரோமர் அவ்வாலயத்தை அழித்தனர். அதன்பின் அந்த ஒலியும் உலகினின்று மறைந்தது.

1947ஆம் ஆண்டு முதலாகச் சாக்கடலோரத்துக் குகைகளிலே கண்டெடுக்கப்பெற்ற பழஞ்சுருள்கள் சிலவற்றில், ஏனைய சொற்கள் யாவும் வழக்கிலிருந்த எழுத்தில் அமைய, இறைவனுடைய பெயர் மட்டும் அதனினும் தொன்மையான எழுத்திலே வரையப்பெற்றுள்ளது. வாசிப்பவனின் கண் அவ்விடத்தில் தயங்கி நிற்றல் வேண்டும் என்பது போலும்! அப்பெயர் எழுதப்பெற்ற ஏடு கிழிந்து பழுதாயினும், யூதர் அதனைக் குப்பையிலே எறியார்; நெருப்பிலும் இடார். தொழுகைக்கூடத்து ஒதுக்கறையில் வைத்துப் பின்னர் நிலத்திலே புதைப்பர். எகிப்து நாட்டுக் கெய்ரோ நகரில் அத்தகைய அறையொன்றிலே பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்து கிடந்த ஏடுகள், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அறிஞர் கைக்கு எட்டி வரலாற்றுக் கருவூலமாயின.

தமிழ்க் கிறித்தவர்கள் ‘கர்த்தர்’ என்றும் ‘ஆண்டவர்’ என்றும் வழங்குவது இம்மரபின் வழிவந்ததேயாகும். இது பழங்கதையாகிப் போகவும் இல்லை. 2008ஆம் ஆண்டிலே வத்திக்கானில் உள்ள வழிபாட்டுப் பேராயம், கத்தோலிக்க வழிபாட்டுப் பாடல்களிலும் மன்றாட்டுக்களிலும் அந்த நான்கெழுத்துப் பெயரை உச்சரித்தல் ஆகாது என ஆயர்கட்கு அறிவுறுத்திற்று.

நாவின் ஒழுக்கம்

யூதர் மௌனத்தாற் காத்ததைக் கிறித்தவர் வணக்கத்தாற் காக்க முற்பட்டனர். 1274ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு லியோன் நகரிற் கூடிய சங்கம், இயேசுவின் பெயர் வழிபாட்டிலே சொல்லப்பெறும்போதெல்லாம் தலை வணங்குமாறு விதித்தது. 15ஆம் நூற்றாண்டிலே சியன்னா நகரத்துப் பெர்ணதீன் என்னும் துறவி, இயேசுவின் பெயரைக் குறிக்கும் மூன்றெழுத்துக்களை ஒரு பலகையில் எழுதி, அதனை ஏந்தி இத்தாலிய நகரங்களிலே பேருரைகள் நிகழ்த்தினார். அவருடைய உரையைக் கேட்ட மக்கள் சூதாட்டத்தைக் கைவிடவே, சீட்டுக்கட்டுச் செய்து விற்ற ஒருவன் தன் பிழைப்புப் போயிற்று என்று முறையிட்டானாம். அந்த மூன்றெழுத்தைப் பலகைகளிலே தீட்டி விற்குமாறு அத்துறவி அவனுக்கு வழி கூறினார் என்றொரு கதை வழங்குகின்றது. திருப்பெயர் ஒருவனுடைய நாவை மட்டுமன்றித் தொழிலையும் தொட்டது என்பதே அக்கதையின் சுவை.

நாவொழுக்கத்திலே பிறிதொரு வகையாற் சிறந்தவர்கள் இங்கிலாந்து நாட்டுக் குவேக்கர்கள். 17ஆம் நூற்றாண்டிலே தோன்றிய இந்நண்பர் சபையினர், எக்காரணம் பற்றியும் சத்தியம் செய்ய மறுத்தனர். ஆணையிடவே வேண்டாம், ஆமென்றால் ஆம், இல்லையென்றால் இல்லை என்றிருங்கள் என மலைப்பொழிவிலே இயேசு கற்பித்ததை அவர்கள் எழுத்துக்கு எழுத்துக் கைக்கொண்டனர். சத்தியம் செய்துதான் உண்மை பேசவேண்டுமெனில், சத்தியம் செய்யாத வேளையிலே பொய் பேசலாம் என்றாகிவிடுமன்றோ? அவர்களுடைய தலைவரான யோர்ச் பொக்ஸ் முதலாகப் பலர் இம்மறுப்பின் பொருட்டுச் சிறையில் வாடினர். 1696ஆம் ஆண்டிலேதான் சத்தியத்துக்குப் பதிலாக உறுதியுரை கூற ஆங்கிலச் சட்டம் அவர்கட்கு இடமளித்தது.

அவர்கள் கடைத்தெருவிலும் அவ்வாறே நடந்தனர். பேரம் பேசி ஆணையிட்டு விலை கூறுவதே வணிகர் வழக்காயிருந்த அக்காலத்தில், குவேக்க வணிகர் எவர்க்கும் ஒரே விலை என்று நிறுத்தி விற்றனர். சிறு குழந்தையை அனுப்பினாலும் ஏமாற்றமாட்டார்கள் என்ற நன்மதிப்பு அவர்கட்கு உண்டாயிற்று. இறைவனுடைய பெயரைக் கடைத்தெருவிலே வாயாற் சொல்ல மறுத்தவர்கள், அதனைத் தராசிலே காத்தனர். இக்குவேக்கர்களை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளல் வேண்டும். பின்னரும் அவர்களைச் சந்திப்போம்.

எடுத்தல் அன்று, சுமத்தல்

மோசேயின் வழியாக அருளப்பெற்ற பத்துக் கட்டளைகளுள் ஒன்று, இறைவனுடைய பெயரை வீணிலே வழங்குதல் ஆகாது என்று விதிக்கின்றது. கத்தோலிக்கரும் லூதரன் சபையினரும் அதனை இரண்டாங் கட்டளையென எண்ணுவர். யூதரும் ஏனைய சபையினர் பலரும் மூன்றாங் கட்டளை என்பர். எபிரேய மூலத்தில் அக்கட்டளையிலே ஆளப்பெற்றுள்ள வினைச்சொல், ‘தூக்குதல்’, ‘சுமத்தல்’ என்னும் பொருளது. ஆதலின், பெயரை வீணாக நாவிலே எடாதே என்பதோடு, பெயரை வீணாகச் சுமவாதே என்றும் அதற்குப் பொருள் கொள்ள இடமுண்டு.

பெயரைச் சுமத்தல் யாதென்பதை நாம் நன்கறிவோம். ஊரிலே ஒருவன் முறைகேடு செய்தால், “இன்னாருடைய பிள்ளையா இப்படிச் செய்தான்?” என்றே ஊரார் கேட்பர். பிள்ளை தகப்பனைப்பற்றி ஒரு சொல்லும் இழிவாகப் பேசியிருக்கமாட்டான். ஆயினும் தகப்பனுடைய பெயர் கெட்டது. எசேக்கியேல் தீர்க்கதரிசி கூறுவதும் இதனையே. சிறைப்பட்டுப் பிறநாடுகளிலே சிதறிய இஸ்ரவேலருடைய நடத்தையால், இறைவனின் பெயர் அந்நாட்டார் நடுவே மாசுற்றது என்று அவர் வருந்துகின்றார். இதனாலேயே யூதர், நேர்மையான செயலொன்றைப் ‘பெயரைத் தூயதாக்கல்’ என்றும், பிறர் காண இழைக்கும் தீச்செயலைப் ‘பெயரை மாசுபடுத்தல்’ என்றும் இன்றும் வழங்குவர். கிறித்தவனோ பிதா, சுதன், தூய ஆவி என்னும் முத்திருப் பெயரால் நீராட்டப்பெறுகின்றான். கிறித்தவன் என்னும் பெயரிலேயே கிறித்துவின் பெயர் அடங்கியுள்ளது. அவன் வாய்திறவாதிருப்பினும் அப்பெயரைச் சுமந்தே திரிகின்றான்.

சுமக்கும் பெயருக்கும் செய்யும் தொழிலுக்கும் இடையே எத்துணைப் பெரும் பிளவு உண்டாகலாம் என்பதற்கு வரலாறு கூசாது சான்று பகர்கின்றது. 1564ஆம் ஆண்டிலே யோன் ஹோக்கின்ஸ் என்னும் ஆங்கிலக் கடலோடி, ஆபிரிக்க மக்களைப் பிடித்து அமெரிக்கக் கரைகளில் விற்பதற்காகப் புறப்பட்டான். அதற்கென முதலாம் எலிசபெத்து அரசியார் அவனுக்குத் தந்துதவிய பெருங் கப்பலின் பெயர் ‘லூபெக்கின் இயேசு’ என்பதாகும். அக்கப்பலில் ஏறியவருள் எவரும் அப்பெயரைக் கண்டு திடுக்கிட்டதாகத் தெரியவில்லை.

நாத்திருந்திய மாலுமி

ஹோக்கின்ஸ் காலத்துக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின் அதே வாணிகத்தில் ஈடுபட்ட ஒருவருடைய வரலாறு, திருப்பெயர்ப் பேணுதல்பற்றி எந்த நூலினும் தெளிவாகப் பேசுகின்றது. அவர் பெயர் யோன் நியூற்றன். 1725ஆம் ஆண்டு இலண்டனிலே ஒரு கப்பற்றலைவரின் மகனாகப் பிறந்தார். வேதாகமத்தையும் வினாவிடையையும் பாலப் பருவத்திலேயே ஊட்டி வளர்த்த தாயார், மகனுக்கு ஏழு வயது நிரம்புமுன் காலமாயினார். பதினொரு வயதிலே தந்தையோடு கடலேறிய சிறுவன், வாலிபனாயினபோது கடவுளை மறுப்பவனாகவும், மாலுமிகளும் அஞ்சும் வசைமொழியாளனாகவும் மாறினான். கேட்டுப் பழகிய ஆணைகள் போதாவென்று புதிது புதிதாகத் தெய்வநிந்தனைகளை இயற்றினான் என்று அவரே பின்னர் எழுதியுள்ளார். கடும்வாய் படைத்த கப்பற்றலைவர்களும் அவரைக் கண்டித்தனராம்.

1748ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே, அவர் ஆபிரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்குத் திரும்பிய ‘கிறேஹவுண்ட்’ என்னும் கப்பல் அத்திலாந்திக்குப் பெருங்கடலிலே கொடும் புயலிற் சிக்கிற்று. நள்ளிரவிலே பலகைகள் பெயர்ந்து நீர் உட்புகுந்தது. அவருக்கு முன் மேற்றளத்துக்கு ஏறிய ஒருவனை அலை வாரிச்சென்றது. நீரிறைத்துக் களைத்த நிலையிலே கப்பற்றலைவனோடு பேசியபோது, இதுவும் பயன்படாவிடின் ஆண்டவரே எமக்கு இரங்கவேண்டும் என்ற கருத்துப்பட ஒரு வார்த்தை அவர் வாயினின்று தானாக வந்துவிட்டது. சொன்னவுடன் தம் சொல்லைக் கேட்டு அவரே துணுக்குற்றார். எத்தனையோ ஆண்டுகளாக நிந்தையிலன்றி வழங்காத பெயரை அன்றே அவர் வேண்டுதலாக வழங்கினார். “எனக்கும் இரக்கம் உண்டோ?” என்னும் ஐயம் அவரைப் பற்றிக்கொண்டது.

நான்கு வாரம் கழித்து அக்கப்பல் அயர்லாந்துக் கரையை அடைந்தது. இரண்டாம் இயல்பாகவே ஊறிப்போயிருந்த வசைமொழிப் பழக்கம் அன்றோடு தம்மைவிட்டு அகன்றது என்று நியூற்றன் கூறுகின்றார். நாவைப் பொறுத்தவரையில், திருப்பெயரை வீணில் வழங்காதே என்ற கட்டளை முற்றாக நிறைவேறிற்று.

மேற்றளமும் கீழ்த்தளமும்

இனி நிகழ்ந்ததே நம் சிந்தனைக்குரியது. நாத்திருந்திய நியூற்றன் அடிமை வாணிகத்தைக் கைவிடவில்லை. மாறாக, அவ்வாணிகத்திலே உயர்பதவி பெற்றார். 1750ஆம் ஆண்டு முதல் 1754ஆம் ஆண்டு வரையில் மூன்று பயணங்களுக்குக் கப்பற்றலைவராக விளங்கினார். ஞாயிறுதோறும் இருமுறை மாலுமிகளைக் கூட்டித் தாமே வழிபாடு நடாத்தினார். ஓய்வு வேளைகளிலே வேதாகமத்தைக் கற்றார். கடைசி இரு பயணங்களிலே நுகர்ந்த இறையுறவைப் போன்று இனியதொன்றைத் தாம் கண்டதில்லை என்றும் எழுதினார்.

மேற்றளத்திலே மன்றாட்டு ஒலித்த அதே வேளையிற் கீழ்த்தளத்தின் நிலை யாது? நியூற்றனே பிற்காலத்தில் அதனை விவரித்துள்ளார். நூறு தொன் அளவினதான ஒரு கப்பலிலே 220 முதல் 250 வரையிலான மக்கள் ஏற்றப்படுவர். அவர்கள் கிடக்கும் அறையின் உயரம் ஏறத்தாழ ஐந்தடி; அதனையும் நடுவிலே தட்டிட்டு இரண்டாக்கி, மேலும் கீழுமாக, அலமாரியிற் புத்தகங்களை அடுக்குவது போல அவர்களை நெருக்கிக் கிடத்துவர். பெரும்பாலோர் இருவர் இருவராகக் கையிலும் காலிலும் விலங்கிடப்பெற்றவர்கள். ஒருவன் புரண்டு படுப்பதற்கும் மற்றவன் உடன்பட வேண்டும்.

நியூற்றனுடைய கப்பற்குறிப்பேடு 1962ஆம் ஆண்டிலே நூலாக வெளிவந்துள்ளது. அதனைப் படிப்போர் உள்ளத்தைத் தைப்பது ஒன்றுண்டு. வழியிலே மாண்டு கடலில் இடப்பெற்ற அடிமைகளை அவர் பெயராற் குறிக்கவில்லை, இலக்கத்தாற் குறித்துள்ளார். இறைவனுடைய பெயரை அத்துணை அஞ்சி வழங்கிய அதே கை, இறைவனுடைய சாயலாகப் படைக்கப்பெற்றவன் என்று வேதாகமம் கூறும் மனிதனுக்கு இலக்கமிட்டது. கலகம் செய்யச் சூழ்ந்தனர் என்று ஐயுற்ற சிறுவர்களைப் பெருவிரற் கிட்டியால் நெரித்து விசாரித்த செய்தியும் அவ்வேட்டில் உண்டு.

1754ஆம் ஆண்டிலே அவர் தம் இறுதிப் பயணத்தை முடித்து இலிவர்ப்பூல் திரும்பினார். ஒருவரும் இறவாமல் முடிந்த பயணம் அது. அந்நலத்துக்காக அந்நகரத்துத் தேவாலயங்களிலே இறைவனுக்கு நன்றி செலுத்தினார். மனிதரை விற்ற பணம் பையிலிருக்க, இறைவனுடைய பெயரை வாழ்த்தினார். அவ்வாழ்த்து நெஞ்சறியப் பொய்யும் அன்று. அவர் கபடரல்லர் என்பதே இவ்வரலாற்றின் அச்சந்தரும் பகுதி. தாம் சிறைக்காவலன் தொழிலைச் செய்கின்றோம் என்ற கூச்சம் அவருக்கு இருந்தது. இதனினும் மனிதத்தன்மையுள்ள தொழிலை அருளுமாறு மன்றாடியும் வந்தார். ஆனால் அவ்வாணிகம் முறையற்றது என்ற எண்ணம் ஒருபோதும் தோன்றவில்லை என்று 1764ஆம் ஆண்டிலே வெளியிட்ட தன்வரலாற்றிலே சொல்கின்றார். நாட்டின் சட்டம் அதனை ஏற்றது. கண்ணியமானவர் எனப் பெயர் பெற்றோர் அதனால் வாழ்ந்தனர். அருகிலிருந்த எவரும் குறை கூறவில்லை. வழக்கம் என்னும் திரை நல்லவன் கண்ணையும் மறைக்க வல்லது.

காலந்தாழ்ந்த ஒளி

நோயொன்று திடீரெனத் தாக்கியமையாலேயே நியூற்றன் கடலை விட்டார். இலிவர்ப்பூலிலே சுங்கப் பணி பார்த்தபின், 1764ஆம் ஆண்டு ஆங்கிலத் திருச்சபையிற் குருவாகி ஓல்னி என்னும் சிற்றூரிலே பதினாறு ஆண்டுகள் தொண்டாற்றினார். கவிஞர் வில்லியம் கூப்பரோடு சேர்ந்து 1779ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஓல்னிப் பாடற்றொகுதியிலே, இன்று உலகெங்கும் பாடப்பெறும் வியத்தகு அருளைப்பற்றிய பாடலும், இயேசுவின் பெயர் எத்துணை இனியது என்று உருகும் பாடலும் இடம்பெற்றன. இரண்டாவது பாடலை அடிமைக் கப்பலின் மேற்றளத்திலிருந்தே இயற்றினார் என்று சிலர் கூறுவதற்கு ஆதாரமில்லை. ஆயினும் அத்திருப்பெயரின் இனிமையைப் பாடி வெளியிட்ட ஆண்டிலும், தாம் விட்டுவந்த வாணிகத்தைப் பற்றி அவர் வெளிப்படையாக வாய்திறக்கவில்லை.

மௌனத்தைக் கலைத்தவர்கள் யாவர்? நாம் முன்னர்ச் சந்தித்த குவேக்கர்களே அவருள் முன்னின்றோர். 1688ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் ஜேர்மன்ரவுன் என்னும் ஊரிலே குவேக்கர் சிலர் அடிமை முறைக்கு எதிராக எழுத்து மூலம் குரலெழுப்பினர். 1783ஆம் ஆண்டில் ஆங்கிலப் பாராளுமன்றத்துக்கு முறைப்பாடு அனுப்பினர். 1787ஆம் ஆண்டிலே இலண்டனில் அமைந்த அடிமை வாணிக ஒழிப்புக் குழுவின் பன்னிரு உறுப்பினருள் ஒன்பதின்மர் அவர்களே. அவர்களுள்ளும் அடிமைகளை வைத்திருந்தோர் ஒரு காலத்தில் இருந்தனர். தம் இல்லத்தைத் திருத்திக்கொண்ட பின்னரே பிறர் இல்லத்தை நோக்கினர்.

அப்போது இலண்டன் தேவாலயமொன்றிலே குருவாக இருந்த நியூற்றனை நாடி, 1785ஆம் ஆண்டிலே வில்லியம் வில்பர்போஸ் என்னும் இளம் பாராளுமன்ற உறுப்பினர் வந்தார். அரசியலைத் துறந்துவிடலாமா என்று தயங்கிய அவரை, இருக்கும் இடத்திலேயே இருந்து இறைவனுக்குத் தொண்டாற்றுமாறு நியூற்றன் தேற்றினார். அடிமை வாணிகத்தை ஒழிக்கும் போராட்டத்திலே பாராளுமன்றத்தில் தலைமை தாங்கியவர் அவ்விளைஞரே.

1788ஆம் ஆண்டு, புயலிலே அந்தச் சொல் வாய்தவறி வந்து நாற்பது ஆண்டுகள் நிறைந்தபோது, நியூற்றன் ஆபிரிக்க அடிமை வாணிகம் பற்றிய தம் சிந்தனைகளைச் சிறு நூலாக வெளியிட்டார். தாம் அறிக்கையிடுவது காலந்தாழ்ந்தது என்றும், இன்று நெஞ்சம் நடுங்கும் ஒரு தொழிலுக்குத் தாமே கருவியாக இருந்தோம் என்பது சாகும்வரை தம்மைத் தாழ்த்தும் நினைவென்றும் அதிலே ஒப்புக்கொண்டார். கண்டதையும் கேட்டதையும் ஒளிக்காமல் எழுதினார். தாயின் கையிலிருந்த ஏறத்தாழ ஒரு வயதுக் குழந்தை அழுது தன் உறக்கத்தைக் கெடுத்ததென்று, அதனை அடக்குவேன் என ஆணையிட்டுக் கடலிலே வீசிய ஒரு கப்பல் அதிகாரியின் செய்தியும் அந்நூலில் உள்ளது. தாயை அவன் வீசவில்லை, அவளுக்கு விலையுண்டு.

அந்நூற்படிகள் பாராளுமன்ற உறுப்பினர்க்கு அனுப்பப்பெற்றன. முதியவர் எதனுக்கும் அஞ்சாது சாட்சியும் பகர்ந்தார். 1788ஆம் ஆண்டில் அரசரின் ஆலோசனைச் சபை முன்பும், 1790ஆம் ஆண்டில் பாராளுமன்றக் குழு முன்பும் அவர் கூறியது, வேறெவரும் கூறமுடியாத கப்பற்றலைவனின் சாட்சியம். 1807ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆம் நாள் ஆங்கிலேயரின் அடிமை வாணிகத்தைத் தடைசெய்யும் சட்டம் அரச ஒப்புதல் பெற்றது. அதனைக் கண்டபின்னர், அவ்வாண்டு டிசம்பர் 21ஆம் நாள் தமது 82ஆம் வயதிலே நியூற்றன் கண்மூடினார்.

நம் இல்லங்களில்

இவ்வரலாற்றால் நாவொழுக்கம் பயனற்றது என்று கொள்ளுதல் தவறு. நியூற்றனுடைய திருத்தம் நாவிலேதான் தொடங்கிற்று. தொடங்கவேண்டிய இடமும் அதுவே. கைப்பேசியிலே சிறு வியப்புக்கும் ‘ஓ மை கோட்’ என்று கூவும் இக்காலத்து இளைஞர்க்கு, அஃதொரு வேண்டுதலின் சிதைவு என்பதனைப் பெற்றோர் எடுத்துரைத்தல் நன்றே. பத்து ரூபாய்ப் பொருளுக்கும் ஆண்டவன் மேல் ஆணையிடும் வணிகனுக்கு, குவேக்கருடைய ஒரே விலையை நினைவூட்டுதலும் நன்றே. பெயரை மலிவாக வழங்கும் நா, பெயருக்குரியவனையும் மலிவாக எண்ணப் பழகிவிடும்.

ஆனால் நாத்திருந்தியதோடு கடமை முடிந்தது என்று அமைவதே ஆபத்து. மாலைதோறும் குடும்பமாகக் கூடி மன்றாடும் கிறித்தவ இல்லமொன்றை எண்ணிப் பாருங்கள். பெரியவர் முதல் சிறியவர் வரையில் அனைவரும் இறைவனுடைய பெயர் தூயதெனப் போற்றப்பெறுக என்று ஒரே குரலில் ஓதுகின்றனர். அடுக்களையிலே வேலைக்கு அமர்ந்த பெண்ணொருத்தியும் அதனைக் கேட்கின்றாள். அவளுக்குரிய கூலி உரிய நாளிற் கொடுபட்டதா, மற்றவர் உண்ட உணவையே அவளும் உண்டாளா, நோயுற்ற நாளிலே படுக்க இடம் பெற்றாளா என்பவற்றைக் கொண்டே அவள் அந்தப் பெயரை மதிப்பிடுவாள். வேதாகமத்தை அவள் வாசித்திருக்கமாட்டாள். அந்த இல்லமே அவள் வாசிக்கும் வேதாகமம். வீட்டுப் பிள்ளைகளும் அதனையே வாசிக்கின்றனர். தந்தை ஓதியதை மறந்தாலும், தந்தை நடந்ததை அவர்கள் மறவார்.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. நம் காலத்தவர் யாவரும் முறையென்று ஏற்றுக்கொண்ட வழக்கங்களுள், நாளைய தலைமுறை நடுங்கத்தக்கவை எவை? நாம் அணியும் ஆடையைத் தைத்தவர் யார், நாம் பருகும் தேநீரின் கொழுந்தைக் கிள்ளியவர் எத்தகைய குடிலிலே உறங்குகின்றார் என்று நாம் கேட்டதுண்டா? நமது கீழ்த்தளம் எங்கேயிருக்கின்றது? இவ்வினாவுக்கு விடை காண நியூற்றனுக்கு நாற்பது ஆண்டுகள் பிடித்தன. வினாவை நாள்தோறும் எழுப்புவதற்கென்றே அம்முதல் விண்ணப்பம் நாள்தோறும் ஓதப்பெறுகின்றது போலும்.

இறைவன் தம் மக்களைப் பெயர் சொல்லி அழைக்கின்றார் என்பது வேதாகமம் தரும் நம்பிக்கை. அவர் பெயரைத் தூயதெனப் போற்ற விழைபவர்க்கு எளியதொரு தொடக்கம் அதிலேயே உண்டு. ‘ஏய்’ என்றும் ‘அடே’ என்றும் நாம் அழைத்துப் பழகிய ஒருவர், வீட்டிலோ கடையிலோ தோட்டத்திலோ அலுவலகத்திலோ, நம் அருகில் இருப்பார். அவருடைய பெயரைக் கேட்டறிந்து, அதனை மதிப்போடு சொல்லி அழைப்போமாக.